பிடாரியம்மன் சொன்ன மலைவழி

எங்கள் வீட்டுக்காரரைப் போல ஒரு பிடிவாதக்காரரைத் திருவிடைமருதூர் வட்டாரத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. தியாகராசன் என்று பெயர். அறுபதை நெருங்குகிற மனிதர், பிறந்ததிலிருந்து சேற்றிலும் வரப்பிலும் நடந்தவர், ஒரு நாள் மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்காவில் இருக்கிற கிளிமஞ்சாரோ மலையில் ஏறப் போகிறேன் என்றார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, “அடுத்தது மோரு ஊத்தவா, மருந்து ஊத்தவா?” என்று கேட்டேன்.

“நெசமாத்தான் சொல்றேன் ஈஸ்வரி” என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் எங்கள் மாப்பிள்ளை சூர்யபிரகாஷ். தான்சானியாவில் மோஷி என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். எங்கள் மகள் வானதியும் அங்கேதான் இருக்கிறாள். அவர்கள் வீட்டு மாடியில் நின்றால் அந்த மலை தெரியும். வீடியோ காலில் காட்டினார்கள். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பக்கத்து ஊர்த் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த மலை சுவாமிமலை. அதுவும் பெயரில்தான் மலை. படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, வேர்வை காய்வதற்குள் கீழே இறங்கிக் காபி குடிக்கலாம்.

“மாசியில வாங்க மாமா. சம்பா அறுப்பு முடிஞ்சிருக்கும்ல? நான் லீவு போட்டுக் கூடவே வர்றேன்” என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். இவரும் தலையை ஆட்டிவிட்டார்.

என் பயம் மலையை நினைத்து அல்ல. போன வருஷம் ஐப்பசி மழையில் இவருக்கு நிமோனியா வந்து கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் போட்டோம். மூக்கில் ஆக்சிஜன். ஒவ்வொரு மூச்சையும் ஆழக் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்துக்கொண்டு கிடந்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தச் சாமி காதில் விழுந்ததோ, பிழைத்து எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புதுப் பேச்சு ஆரம்பித்தது. “இனிமே வர்ற நாளெல்லாம் இனாம்தான் ஈஸ்வரி. போனா போகுது.” காபி குடிக்கும்போதும் இதைச் சொல்வார், தொலைக்காட்சி பார்க்கும்போதும் சொல்வார். நிலப் பட்டாவை என் பெயருக்கு மாற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கொடுத்தனுப்பினார். விதைநெல் வாங்கப் போன இடத்தில்கூட, அடுத்த வருஷம் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தாராம். நல்ல நாளும் பொழுதுமாக இப்படிப் பேசினால் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? நானும் மனுஷிதானே.

அந்த வாய்தான் மலையேறப் போகிறேன் என்று சொன்னது. இந்த மனிதர் திரும்பி வருகிற எண்ணத்தோடு போகிறாரா, இல்லையா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. வாய்விட்டுக் கேட்கவும் பயம். கேட்டு, “போனா போகுது” என்று அவர் சிரித்துவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

டாக்டர் தடுத்துவிடுவார் என்று நம்பிக் கும்பகோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவரோ படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “நுரையீரல் நல்லா தேறிடுச்சும்மா. போயிட்டு வரட்டும். மெதுவா ஏறணும், மூச்சு வாங்குனா அப்பவே இறங்கிடணும். அவ்வளவுதான்” என்றார். படித்தவர் சொன்ன பிறகு நான் என்ன செய்வேன்? போவது போகிறார், நல்ல வழியாகப் பார்த்து அனுப்புவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அங்கேதான் வந்தது வம்பு. அந்த மலைக்கு வழி ஒன்றில்லை, பல வழிகளாம். மாப்பிள்ளை அதில் இரண்டைப் பொறுக்கி அனுப்பினார். ஒன்று கிட்டத்து வழி. சீக்கிரம் போய் சீக்கிரம் வந்துவிடலாம், இரவில் படுக்க மரக் குடில் உண்டு. இன்னொன்று மேற்கே ஆரம்பித்து மலையைச் சுற்றிக்கொண்டு போகிற வழி; கூடுதலாக மூன்று நாலு நாள் ஆகும், கூடாரத்தில்தான் படுக்கை.

இவர் சுற்று வழியில்தான் போவேன் என்றார். “காடு, புல்லு, பாறைன்னு ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே போலாம்டி.”

“ஏங்க, இந்தா இருக்கிற ஆடுதுறைக்குப் போறவன் எவனாச்சும் மாயவரம் சுத்திக்கிட்டுப் போவானா? அந்தக் குளிர்ல எதுக்குக் கூடுதலா நாலு நாளு? கிட்டத்து வழியில போனமா, தொட்டமா, வந்தமான்னு வாங்க” என்றேன்.

எங்கள் மண்ணில் பிறந்தவர்களுக்கு வழி என்றால் தூரம்தான். எங்கே கிளம்பினாலும் முதல் கேள்வி எத்தனை கிலோமீட்டர் என்பது. மேடு பள்ளம் யார் கண்டது? இங்கே தண்ணீர்கூட எந்தப் பக்கம் போவது என்று யோசித்துத்தான் போகும். ஆகவே தூரம் குறைந்தால் பாடும் குறையும் என்று நான் நின்றேன். ஊரே அப்படித்தான் சொல்லியிருக்கும். நான் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. நாலாம் நாள், “சரி தாயே, கிட்டத்து வழியிலயே போறேன். ஆள விடு” என்று கும்பிட்டார். போய் டீக்கடையிலும் சொல்லிவிட்டார்.

அங்கே இவருடைய பங்காளி சேரன் இருந்திருக்கிறார். இவரைவிட இளையவர். சும்மா இருக்கிற வாயா அது? “என்னண்ணே, சின்ன வழியாமே? அண்ணி உத்தரவா?” என்று கேட்டுக் கடையே சிரித்திருக்கிறது. இவர் கடுகடுவென்று வீட்டுக்கு வந்தார். நான் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்த மிதப்பில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

“மாப்பிள்ளை, கிட்டத்து வழிதான். மாமா ஒத்துக்கிட்டாரு.”

அவர் மெதுவாகச் சொன்னார். “அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. தூரம் கம்மியா இருக்கிறதுதான் அங்க சிக்கலே. சீக்கிரமா உயரத்துக்குப் போயிடுவோம். மேல போகப் போகக் காத்து கம்மி. உடம்பு அதுக்குப் பழக நேரம் வேணும். கிட்டத்து வழியில போறவங்கதான் தலைவலி, வாந்தின்னு நெறைய பேரு பாதியில திரும்புறாங்க. சுத்து வழியில பகல்ல ஏறிப் பாத்துட்டு, ராத்திரி கீழ எறங்கி வந்து தூங்குவோம். மாமாவுக்கு அதுதான் நல்லது. நான் அன்னைக்கே விவரமா சொல்லியிருக்கணும்.”

காற்று கம்மி! மூச்சுக்குத் தவித்த மனிதரை, சண்டை போட்டு, கும்பிட வைத்து, காற்றுக் குறைந்த வழியில் பிடித்துத் தள்ளியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். சரி, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சொன்னால் மாற்றிக்கொள்வார் என்று வயலுக்கே ஓடினேன்.

மடையில் நின்றிருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, “மாத்தி மாத்தி ஆடுறதுக்கு நான் என்ன பொம்மையா? டீக்கடையில சொல்லியாச்சு. கிட்டத்து வழிதான்” என்றார்.

“அங்க காத்து கம்மியாம்ங்க.”

“போனா போகுது” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டுமே. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் நிலைமை இன்னும் மோசமானது. சேரன் யூடியூபில் தேடி, கிட்டத்து வழியில் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள் என்று ஒரு வீடியோவைக் கண்டுபிடித்துவிட்டார். அதை டீக்கடையில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். நேற்று சிரித்த அதே கூட்டம் இன்றைக்கு, “அண்ணன் கஷ்டமான வழியிலல்லவா போறாரு! நெஞ்சுரம்னா இதுதான்யா” என்று பாட ஆரம்பித்துவிட்டது. இவர் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். இனி அந்த மீசை இறங்குமா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வழியைச் சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் பதிவு செய்ய முடியாது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். வியாழக்கிழமை வரைக்கும் கெஞ்சினேன், திட்டினேன், வானதியை விட்டு அழவும் வைத்தேன். மனிதர் அசையவில்லை. கடைசியில், “அப்ப பிடாரியம்மன்கிட்ட பூ கட்டிப் பாப்போம்” என்றேன்.

எங்கள் ஊரில் பெண் கொடுப்பதா வேண்டாமா, போர்வெல் போடுவதா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருந்தால் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் அதில் ஒன்றை எடுக்க வேண்டும். வந்த பூதான் அம்மன் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் வாய்க்காலில் விட்டுவிடுவார்கள்.

மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். உடனே ஒப்புக்கொண்டார். “வெள்ளை வந்தா சுத்து வழி, செவப்பு வந்தா கிட்டத்து வழி. ஆனா அம்மன் என்ன சொல்லுதோ அதோட பேச்சு முடிஞ்சுது. அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“நீங்களும்தான்.”

“பூவ நானே பறிச்சுக் கட்டிக்கிறேன். உன்கிட்ட விட்டா அம்மன் கண்ணுலயே மண்ணத் தூவிடுவ” என்றார். பாருங்கள் பேச்சை! கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

அடக்கிக்கொண்டேனே தவிர, அன்று முழுக்க என் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை. ஐயோ, என்ன காரியம் செய்தேன்? சிவப்பு வந்துவிட்டால்? அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச எனக்கு வழியில்லை. அம்மன் பெயரைச் சொல்லி நானே இவரை அனுப்பி வைத்தவள் ஆகிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். பிடாரியம்மன் கோயில் ஊர்க் கோடியில், வாய்க்கால் ஓரம் இருக்கிறது. இவர் இரண்டு பொட்டலங்களையும் துண்டில் வைத்து எடுத்துவந்தார். பூசாரி அரசப்பன் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கலைத்து, அம்மன் காலடியில் வைத்து விபூதி போட்டார்.

“யாராச்சும் வெளியாளு எடுக்கணுமே” என்று வாசலை எட்டிப் பார்த்தார். நடவுக்குப் போகிற வழியில் நாகம்மாள் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கூப்பிட்டோம்.

“நானா? என்னாத்துக்குக்கா?” என்றாள்.

“ஒரு பொட்டலத்த எடு தாயி. கேள்வி கேக்காத” என்றேன்.

நாகம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இடது பக்கப் பொட்டலத்துக்குப் போன கை என்ன நினைத்ததோ, வலது பக்கம் நகர்ந்தது. மறுபடியும் இடது பக்கம் வந்தது. அடிப்பாவி, எடுத்துத் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இலை பிரிகிற சத்தம் கேட்டது.

“வெள்ள” என்றார் அரசப்பன்.

கண்ணைத் திறந்தேன். நந்தியாவட்டை. பளிச்சென்று வெள்ளை. “என் வயித்துல பால வாத்தியே தாயே!” என்று அங்கேயே விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்கவே மனசில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது. நாகம்மாளைக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்தாள்.

இவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். “என்ன பண்றது? அம்மனே சொல்லிட்டா. சேரன்கிட்ட சொல்லிடணும்” என்று அரசப்பனிடம் அலுத்துக்கொண்டார். அரசப்பனும், “தெய்வத்துக்கு மேல என்னங்க இருக்கு” என்று தலையை ஆட்டினார்.

எடுக்காத பொட்டலத்தை என் கையில் கொடுத்து, வாய்க்காலில் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். கோயிலுக்குப் பின்னால் போனேன். படித்துறையில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து விடப் போனவள் நின்றேன். எனக்கு அந்தச் சிவப்புப் பூவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோகப் பார்த்த பூவாயிற்றே. அதன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்து, நாலு வார்த்தை திட்டிவிட்டு விடுவோம் என்று நாரைப் பிய்த்துப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

உள்ளேயும் நந்தியாவட்டை.

புரட்டிப் பார்த்தேன். இலையை உதறிப் பார்த்தேன். சிவப்பு என்று ஒரு இதழ்கூட இல்லை. எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பூசாரி கலைத்ததில் ஏதாவது மாறிவிட்டதா? அவர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லையே. கட்டியது யார்? அப்போதுதான் உறைத்தது. திரும்பினால், இவர் படித்துறை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரிக்கக் கூடாதுன்னு தெரியாதாடி உனக்கு?” என்றார்.

“ரெண்டுலயும் வெள்ளையா?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அம்மன்கிட்டயே களவாணித்தனமா? என்னச் சொன்னீங்களே, மண்ணத் தூவிடுவேன்னு! ஊரக் கூட்டி, பூசாரியக் கூப்பிட்டு, நாகம்மாள நிக்க வச்சு… நேத்துலேருந்து எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு, தெரியுமா உங்களுக்கு?”

“கத்தாதடி. அரசப்பன் காதுல விழுந்துடப் போவுது.” இறங்கி வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். வேட்டி நனைவதைக்கூடப் பார்க்கவில்லை. “ஒரு செவப்பு வச்சு அது வந்துட்டா? அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?”

“சுத்து வழியில போறேன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“டீக்கடையில அத்தன பேருகிட்ட பேசிட்டேன். அதுகூடப் போவுது. உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல.” படியில் கிடந்த ஒரு பூவை எடுத்துத் தண்ணீரில் விட்டார். “ஆஸ்பத்திரியில முழிச்சப்ப நீ கதவுக்கு அந்தாண்ட உக்காந்திருந்த. கூப்பிடணும்னு பாக்குறேன், மூச்சு இல்ல. அன்னைக்குப் பயந்தேன் ஈஸ்வரி. அப்படிப் பயந்ததே இல்ல. வெளிய வந்து பயந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் இனாம், போனா போகுதுன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். காத்து கம்மின்னு நீ வயல்ல வந்து சொன்னப்ப எனக்கு அந்தப் பயம் திரும்பவும் வந்துடுச்சு. எனக்கு அந்த மலையப் பாக்கணும். பாத்துட்டுத் திரும்பி வீட்டுக்கு வரணும். உங்கூட இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்டி.”

ஒரு வருஷமாக நான் கேட்கப் பயந்த கேள்விக்கு இந்த மனிதர் ஈர வேட்டியோடு உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

“இதச் சொல்றதுக்கு ஒரு வருஷமாய்யா? பாவி மனுஷா! நான் தினம் செத்துப் பொழச்சேனே!”

“அடிக்காதடி, யாராச்சும் பாக்கப் போறாங்க” என்றார். ஆனால் நகரவில்லை. நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டு ஆசை தீர அழுதேன். ஒரு வருஷத்து அழுகை, சும்மா விடுமா? அழுது முடித்தபோது உடம்பு லேசாகிவிட்டது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நல்ல பசி.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். “அத்தை, இன்னைக்குப் பதிவு பண்ணியாகணும். என்ன முடிவு பண்ணீங்க?”

“சுத்து வழி மாப்பிள்ளை.”

“அப்பாடா!” என்று அங்கிருந்து பெருமூச்சு விட்டார். “பூ கட்டிப் பாக்குறதா வானதி சொன்னா. அம்மன் உத்தரவு குடுத்துடுச்சா?”

நான் இவரைப் பார்த்தேன். டீக்கடைக்கு அம்மன் சொன்னதாகவே இருக்கட்டும், அந்த மீசையை நான் இறக்க மாட்டேன். ஆனால் பெற்ற மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எதற்குப் பொய்?

“அம்மன் இல்ல மாப்பிள்ளை. உங்க மாமாவே கேட்டாரு. திரும்பி வர்ற வழிதான் வேணுமாம்” என்றேன்.

இவர் குனிந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை.